ஐம்பது புள்ளியா, 262 ஹிட்டா? ஒரு சீசன் சாதனைகளில் யார் பக்கம் நிற்பது

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவைப் பார்க்கத் தொடங்கிய எவரும் சீக்கிரமே ஒரு கேள்வியில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே சீசனில் ஒருவர் செய்து காட்டியவற்றில் எது பெரியது? வில்ட் சேம்பர்லினின் 50.4 புள்ளியா, ஸ்டெஃப் கரியின் 402 மூன்று புள்ளி ஷாட்டா? பேஸ்பால் பக்கம் போனால் கூட்டம் இன்னும் அதிகம்: பேரி பாண்ட்ஸ், இச்சிரோ, பாப் கிப்சன், பெட்ரோ மார்ட்டினெஸ். "எல்லாம் பெரியதுதான், சரி, ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் எதைச் சொல்வது?" என்று முழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கிரிக்கெட்டில் இந்தத் தொல்லை குறைவு. பிராட்மனின் 99.94 என்று சொன்னால் எதிரே இருப்பவர் பேச்சை மாற்றிவிடுவார். கூடைப்பந்திலும் பேஸ்பாலிலும் அப்படி வாயடைக்கிற ஒற்றை எண் கிடையாது. ஆளுக்கொரு எண்ணைப் பிடித்துக்கொண்டு விடிய விடியப் பேசலாம்.

## முதலில் அளவுகோல்

நான் பார்ப்பது நான்கு விஷயம்.

ஒன்று, இடைவெளி. அந்த வீரரை விட்டுவிட்டு, அடுத்து வருபவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? தன் சாதனையைத் தானே விரட்டுவதைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

இரண்டு, காற்று. அந்த ஆண்டில் எல்லோருக்குமே புள்ளி கொட்டியதா, அல்லது இவருக்கு மட்டுமா? தூற்றும்போது பதர் பறப்பதுபோல, சில எண்களைக் காலத்தின் காற்றில் தூற்றினால் பாதி காணாமல் போய்விடும்.

மூன்று, இன்றைக்கு யாராவது அதை நெருங்க வழி இருக்கிறதா? விதியும் ஆடும் முறையும் மாறியதால் மட்டுமே பாதுகாப்பாக இருக்கும் சாதனைக்கு நான் மதிப்பெண் கொஞ்சம் குறைப்பேன்.

நான்கு, மறைந்திருக்கும் விலை. அந்த எண்ணுக்காக அவரோ அணியோ எதை இழந்தார்கள்?

சாம்பியன் பட்டம் வென்றாரா என்பதை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. சேர்த்தால் கீழே வரும் அட்டவணையில் ஒருவரும் தேற மாட்டார். ஆறு சீசனிலும் பட்டம் வேறு அணிக்குத்தான் போனது.

| வீரர், சீசன் | எண் | அடுத்து வருபவர் | காற்று |
|---|---|---|---|
| வில்ட் சேம்பர்லின், 1961-62 | ஆட்டத்துக்கு 50.4 புள்ளி | எல்ஜின் பெய்லர், 38.3 (அதே சீசன்) | முதுகுப் பக்கம் |
| ஸ்டெஃப் கரி, 2015-16 | 402 மூன்று புள்ளி ஷாட் | ஜேம்ஸ் ஹார்டன், 378 (2018-19) | லேசாக முதுகுப் பக்கம் |
| பேரி பாண்ட்ஸ், 2004 | 232 வாக் | பேப் ரூத், 170 (1923) | சந்தேகம் கலந்தது |
| இச்சிரோ, 2004 | 262 ஹிட் | ஜார்ஜ் சிஸ்லர், 257 (1920) | பெரிதாக இல்லை |
| பாப் கிப்சன், 1968 | ஈஆர்ஏ 1.12 | டுவைட் குடன், 1.53 (1985) | பலமாக முதுகுப் பக்கம் |
| பெட்ரோ மார்ட்டினெஸ், 2000 | ஈஆர்ஏ 1.74 | அதே லீக்கில் ரோஜர் கிளெமென்ஸ், 3.70 | நேர் எதிர்க்காற்று |

காற்று முதுகுப் பக்கம் என்றால் காலம் அவருக்கு உதவியது, எதிர்க்காற்று என்றால் தடுத்தது. வாக், ஹிட், ஈஆர்ஏ என்றால் என்ன என்பது கீழே வருகிறது. கிப்சனின் வரிசையில் இருப்பது 1920-க்குப் பிந்தைய நேஷனல், அமெரிக்கன் லீக் (பேஸ்பாலின் இரு பெரிய லீக்குகள்) கணக்கு.

## வில்ட் சேம்பர்லின், 1961-62

பிலடெல்ஃபியா வாரியர்ஸ் அணிக்கு 80 ஆட்டம், 4,029 புள்ளி. அதோடு ஆட்டத்துக்கு 25.7 ரீபவுண்ட், அதாவது தவறிய ஷாட்டின் பந்தைக் கைப்பற்றியது. 1962 மார்ச் 2 அன்று ஹெர்ஷி என்ற சாக்லேட் ஊரில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக 100 புள்ளி. அதைப் பார்த்தவர்கள் வெறும் 4,124 பேர். தொலைக்காட்சிப் பதிவே கிடையாது. ஃப்ரீ த்ரோவில் தடுமாறுகிறவர் என்று பெயரெடுத்தவர், அந்த சீசனில் இரு கையாலும் கீழிருந்து தூக்கிப் போடும் முறைக்கு மாறியிருந்தார். அன்றைக்கு 32-ல் 28 உள்ளே போனது.

இந்த எண்ணைக் கேட்டதும் வருகிற வழக்கமான மறுப்பு: "அந்தக் காலத்தில் ஆட்டம் அவ்வளவு வேகம், எல்லோரும் கண்டபடி ஷாட் அடித்தார்கள், இருந்ததே ஒன்பது அணிதான்." மூன்றும் உண்மை. வில்ட் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 40 ஷாட் எடுத்தார். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் மறுப்பு நினைத்த அளவுக்குக் கடிக்கவில்லை. அந்த சீசனில் ஓர் அணியின் சராசரி 118.8 புள்ளி. 2023-24 சீசனில் 114.2. அதாவது புள்ளிக் கணக்கில் இரண்டு காலமும் அவ்வளவு தூரத்தில் இல்லை. ஓர் அணியின் சராசரியில் 42 சதவீதத்துக்கு நிகரானதை வில்ட் ஒருவரே அடித்தார். மைக்கேல் ஜோர்டான் 1986-87-இல் 37.1 அடித்தபோது அந்தப் பங்கு 34 சதவீதம்தான். காற்றில் தூற்றினாலும் மணி நிற்கிறது.

அப்புறம் எங்கே குறைகிறது? நிமிடத்தில். வில்ட் ஆட்டத்துக்கு 48.5 நிமிடம் ஆடினார். ஓர் ஆட்டமே 48 நிமிடம்தான். மிச்சம் கூடுதல் நேரத்தில் வந்தது. எல்லோரையும் 36 நிமிடத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால் வில்ட் 37.4, 2018-19-இல் ஆட்டத்துக்கு 36.1 அடித்த ஜேம்ஸ் ஹார்டன் 35.3. பதினான்கு புள்ளி இடைவெளி இரண்டாகச் சுருங்கிவிடுகிறது. ஆக, வில்ட்டின் உண்மையான அதிசயம் 50.4 என்று எனக்குத் தோன்றவில்லை. 48.5-தான் அதிசயம். இன்றைக்கு நட்சத்திரங்கள் 35 நிமிடம் ஆடினாலே பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

மறைந்திருக்கும் விலை: அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைக்கவில்லை. ஆட்டத்துக்கு 18.9 புள்ளி அடித்த பாஸ்டனின் பில் ரஸ்ஸலுக்குப் போனது, அதுவும் சக வீரர்கள் போட்ட ஓட்டில். அதே பாஸ்டனிடம் ஏழாவது ஆட்டத்தில் 109-107 என்று தோற்று வாரியர்ஸ் வெளியேறியது. பந்தெல்லாம் ஒரே ஆளிடம் போகும் அணியை எப்படி மடக்குவது என்று ரஸ்ஸலுக்குத் தெரிந்திருந்தது.

எப்போது இவர் பக்கம் நிற்கலாம்: "யாராலும் தொட முடியாதது எது?" என்பதுதான் கேள்வி என்றால். அதற்கு வேறு பதில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அதே சீசனில் ஆஸ்கர் ராபர்ட்சன் 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ்) என்று சீசன் முழுக்க டிரிபிள் டபுள், அதாவது மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி வைத்திருந்தார். ஐம்பத்தைந்து ஆண்டு அது தனி மரமாக நின்றது. 2016-17-இல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் எட்டிப் பிடித்தார், பிறகு இன்னும் மூன்று முறை செய்தார். 2024-25-இல் நிகோலா யோகிச்சும் சேர்ந்துகொண்டார். இப்போது அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் பழைய பாசத்தில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

## ஸ்டெஃப் கரி, 2015-16

மூன்று புள்ளிக் கோடு என்பிஏவுக்கு வந்தது 1979-80-இல். ஒரு சீசனில் ரே ஆலன் 269 அடித்தது 2005-06-இல். கரி அதை 272 ஆக்கினார், பிறகு 286 ஆக்கினார். இதுவரை சாதனை வளர்வது போலத்தான் வளர்ந்தது. அடுத்த சீசனில் 402.

286-ஐத் தாண்டியது 2016 பிப்ரவரி 27 அன்று ஓக்லஹோமா சிட்டியில். அதே ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் மைதானத்தின் நடுக்கோட்டுக்குச் சற்று இந்தப் பக்கமிருந்து வீசிய ஷாட்டில் முடித்தார். அப்போது சீசனில் இன்னும் 24 ஆட்டம் பாக்கி இருந்தது! அதுவும் ஆட்டத்துக்கு 34 நிமிடம்தான் ஆடி. வெற்றி உறுதியான பல ஆட்டங்களில் நான்காம் பகுதி முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வில்ட்டுக்கு நேர் எதிர் வகை.

இடைவெளி இப்போது 24 ஷாட்தான். ஹார்டன் 378 அடித்தார். ஆனால் அதற்கு அவர் 1,028 தடவை எறிய வேண்டியிருந்தது, கரி எறிந்தது 886. நூற்றுக்கு 45 உள்ளே போனது கரிக்கு, 37 ஹார்டனுக்கு. லீக் முழுக்க அணிகள் எடுக்கும் மூன்று புள்ளி ஷாட் 2015-16-இல் ஆட்டத்துக்கு 24. இப்போது 37-ஐத் தாண்டிவிட்டது. எல்லோரும் கரியாக முயற்சி செய்தும் 402 அப்படியே நிற்பது எனக்கு வில்ட்டின் எண்ணைவிட ஆச்சரியமாக இருக்கிறது. விதி மாறி பாதுகாக்கவில்லை, காலம் அதற்கு எதிராகவே ஓடுகிறது.

விலை: 73 வெற்றி, 9 தோல்வி என்று சீசனை முடித்த கோல்டன் ஸ்டேட், இறுதியில் 3-1 என்று முன்னிலை பெற்றும் கிளீவ்லாண்டிடம் கோப்பையை விட்டது. முதல் சுற்றில் கரியின் முழங்காலில் அடி. சீசன் முழுக்க வெற்றிச் சாதனையை விரட்டிய களைப்பு என்று பலர் சொன்னார்கள். எனக்கு அது பாதிதான் நம்பும்படி இருக்கிறது.

எப்போது: ஆட்டத்தையே மாற்றிய சீசன் எது என்று கேட்டால். பார்க்கப் பதிவு கிடைக்கிறது என்பதும் சின்ன விஷயம் இல்லை. வில்ட்டின் நூறு புள்ளி ஆட்டத்தைக் கேட்கத்தான் முடியும், அதுவும் வானொலிப் பதிவின் ஒரு பகுதியை மட்டும்.

## பாண்ட்ஸும் இச்சிரோவும், அதே 2004

இரண்டையும் ஒரே தலைப்பில் வைக்கக் காரணம் இருக்கிறது. ஒருவருக்கு அடிக்கப் பந்தே கிடைக்கவில்லை. இன்னொருவர் கிடைத்த பந்தையெல்லாம் அடித்தார்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு: பந்தை அடித்து, அவுட் ஆகாமல் பேஸை அடைந்தால் அது ஹிட். பிட்சர் (பந்து வீசுபவர்) ஸ்ட்ரைக் பகுதிக்கு, அதாவது பேட்டருக்கு எட்டும் நேரான இடத்துக்கு, வெளியே நான்கு பந்து போட்டு, பேட்டர் அவற்றை அடிக்க முயலாமல் விட்டுவிட்டால், அவர் முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அதுதான் வாக். சில நேரம் பயந்து வேண்டுமென்றே நடக்க விடுவார்கள். 2004-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் பேரி பாண்ட்ஸுக்கு 232 வாக், அதில் 120 வேண்டுமென்றே கொடுத்தவை. பாண்ட்ஸை ஒதுக்கிவிட்டால் வேண்டுமென்றே கொடுத்த வாக்கில் அதிகம் 1969-இல் வில்லி மெக்கோவிக்குக் கிடைத்த 45. ஐந்து தடவை மட்டையோடு வந்தால் ஒரு தடவை, "ஐயா, நீங்கள் அடிக்கவே வேண்டாம், போய் நில்லுங்கள்" என்ற கதைதான். மிச்சமிருந்த 373 வாய்ப்பில் 45 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) அடித்து 0.362 சராசரி வைத்தார், அதாவது நூறு வாய்ப்புக்கு 36 ஹிட். பந்தை அடிக்காமலே மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேறுகிற ஸ்ட்ரைக் அவுட் 41 மட்டுமே. அந்த ஜூலையில் அவருக்கு வயது 40.

2001-இல் அவர் அடித்த 73 ஹோம் ரன்னை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். மூன்றே ஆண்டு முன்பு மார்க் மெக்குவையர் 70, சாமி சோசா 66. மெக்குவையர் ஸ்டீராய்டு எடுத்ததை 2010-இல் தானே ஒப்புக்கொண்டார். ஒரே காலத்தில் இத்தனை பேர் ஒரே உயரத்தைத் தொட்டால் அது காற்றின் வேலை. 120 வாக்கை அந்த வாதத்தால் தள்ள முடியாது, வேறு யாருக்கும் அது நடக்கவில்லை.

நிழல் இதிலும் உண்டு. பால்கோ ஊக்கமருந்து வழக்கில் பாண்ட்ஸின் பெயர் அடிபட்டது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றார் அவர். பெரிய வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கான பேஸ்பால் எழுத்தாளர்களின் ஓட்டெடுப்பில் பத்து ஆண்டும் தேவையான 75 சதவீதம் கிடைக்கவில்லை. இந்தச் சீசனைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு தடவையும் இந்தப் பத்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதுதான் இதன் விலை.

இச்சிரோவின் சீசனில் அப்படி எந்தக் கறையும் இல்லை. சியாட்டிலுக்காக 161 ஆட்டத்தில் 262 ஹிட், சராசரி 0.372. அவற்றில் 225 ஒரு பேஸ் அடிகள். ஜார்ஜ் சிஸ்லரின் சாதனை 84 ஆண்டு நின்றது. அது உடைந்த இரவில் சிஸ்லரின் குடும்பத்தார் அரங்கில் இருந்தார்கள். இச்சிரோ ஓடிப்போய் வணங்கிக் கைகுலுக்கினார். ஐந்து ஆண்டு கழித்து செயின்ட் லூயிஸில் சிஸ்லரின் கல்லறைக்கும் போய்வந்தார்.

ஆனால் அளவுகோலை வைத்தால் இடைவெளி ஐந்தே ஹிட். அதுவும் சிஸ்லர் 154 ஆட்ட சீசனில், 73 வாய்ப்பு குறைவாக எடுத்து அடித்தது. இன்னொரு கணக்கு இதைவிடச் சங்கடமானது. 2004-இல் இச்சிரோ 762 தடவை மட்டையோடு வந்து 315 தடவை பேஸை அடைந்தார். பாண்ட்ஸ் 617 தடவை வந்து 376 தடவை அடைந்தார். 145 வாய்ப்பு குறைவு, 61 தடவை அதிகம். ஆக, ஆட்டக்காரரின் பயனைப் பார்த்தால் போட்டியே இல்லை. சியாட்டில் அந்த ஆண்டு 99 தோல்வியோடு தன் பிரிவில் கடைசி. அதற்கு இச்சிரோவைக் குறை சொல்வது நியாயமில்லை, ஆனால் ஹிட் எண்ணிக்கை மட்டும் ஆட்டத்தை வெல்லாது என்பதற்கு அதைவிட நல்ல ஆண்டும் கிடைக்காது.

பேஸ்பாலைப் புதிதாக ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்களா? இச்சிரோவில் தொடங்குங்கள். ஹிட் என்றால் எல்லோருக்கும் புரியும், கதையும் அழகு. பத்து ஆண்டு பார்த்துப் பழகியவரிடம் வாதம் செய்கிறீர்களா? பாண்ட்ஸ்.

## கிப்சனா, பெட்ரோவா

என் மண்டையை அதிகம் குடைந்தது இந்த ஜோடிதான்.

ஈஆர்ஏ என்றால் ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, பிட்சர் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன், ஃபீல்டர்களின் தவறால் வந்தவை நீங்கலாக. செயின்ட் லூயிஸின் பாப் கிப்சன் 1968-இல் வைத்திருந்தது 1.12. 304 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார், தொடங்கிய 34 ஆட்டத்தில் 28-ஐத் தானே முடித்தார், 13-இல் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கிடையாது. இவ்வளவுக்கும் ஒன்பது ஆட்டம் தோற்றார். அவருடைய அணிக்கும் ரன் வரவில்லை, அவ்வளவுதான்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. 1968 பிட்சர்களின் ஆண்டு. அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பிடித்த பேட்டர் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியின் சராசரியே 0.301. டெட்ராய்டின் பிட்சர் டெனி மெக்லெய்ன் 31 வெற்றி குவித்தார். ரன் வற்றிப்போய், அடுத்த ஆண்டே பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக வெட்டினார்கள், ஸ்ட்ரைக் பகுதியையும் சுருக்கினார்கள். கிப்சனுக்கு இன்னொரு வசதி: ஒன்பதாவதாக மட்டையோடு வந்தவர் எதிரணிப் பிட்சர். கிரிக்கெட்டில் பதினோராம் ஆட்டக்காரருக்கு வீசுவது மாதிரி.

பாஸ்டனின் பெட்ரோ மார்ட்டினெஸ் ஆடியது 2000-இல், அமெரிக்கன் லீக்கில். பிட்சருக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே ஒருவர் வருவார். ஹோம் ரன் மழையாகக் கொட்டிய காலம். லீக்கின் சராசரி ஈஆர்ஏ 4.91. பெட்ரோவுடையது 1.74. அடுத்த இடம் ரோஜர் கிளெமென்ஸ், 3.70. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு ரன். அவருக்கு எதிராக மொத்த லீக்கும் அடித்த சராசரி 0.167. இன்னிங்ஸுக்கு ஹிட்டும் வாக்கும் சேர்த்து 0.737 பேரைத்தான் பேஸில் விட்டார், அதைவிடக் குறைந்த சீசன் அதற்கு முன்பு இல்லை. ஸ்ட்ரைக் அவுட் 284, வாக் 32.

லீக் சராசரியோடு வகுத்துப் பாருங்கள். கிப்சன் தன் லீக்கின் 2.99-இல் 37 சதவீதம். பெட்ரோ 35 சதவீதம். 1.12 என்ற எண் கண்ணைப் பறிக்கிறது, 1.74 பறிக்கவில்லை, ஆனால் எதிர்க்காற்றில் நடந்தவர் பெட்ரோதான்.

கிப்சன் பக்கம் சொல்ல ஒன்று பாக்கி, அது சின்னதும் இல்லை. பெட்ரோ 217 இன்னிங்ஸ்தான் வீசினார். கிப்சன் 87 இன்னிங்ஸ் அதிகம். பட்டத்துக்கான உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் டெட்ராய்டுக்கு எதிராக 17 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அது இன்னும் முறியடிக்கப்படவில்லை. பெட்ரோவின் பாஸ்டன் அந்த ஆண்டு பட்டத்துக்கான நாக் அவுட் சுற்றுக்கே போகவில்லை. சுமை தூக்கியவர் யார் என்றால் கிப்சன். பந்து கையில் இருக்கும் அந்த நேரத்தில் யார் அடிக்கவே முடியாதவர் என்றால் பெட்ரோ.

## சாதனைப் புத்தகமே மாறும்

ஒரு எச்சரிக்கை. 2024-இல் அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் அமைப்பான எம்எல்பி, கறுப்பின வீரர்கள் தனியாக ஆட நேர்ந்த நீக்ரோ லீக்குகளின் கணக்கையும் தன் ஏட்டில் சேர்த்தது. ஒரே நாளில் ஒரு சீசனின் உயர்ந்த பேட்டிங் சராசரி, 1943-இல் ஜோஷ் கிப்சன் வைத்த 0.466 ஆகிவிட்டது. அந்த லீக் சீசன்கள் குறுகியவை, குறுகிய சீசனில் எண் எகிறுவது எளிது என்பது உண்மை. அவரை வேறு எங்கும் ஆட விடவில்லை என்பதும் உண்மை. அதனால்தான் அட்டவணையில் சேர்க்காமல் தனியாகச் சொல்கிறேன்.

## என் ஓட்டு

பேஸ்பாலில் பெட்ரோ, 2000. நான்கு அளவுகோலில் மூன்றைத் தாண்டுகிறார், இன்னிங்ஸ் குறைவு என்ற ஒன்றில் மட்டும் திணறுகிறார். அவரைச் சொல்லும்போது 4.91 என்ற லீக் சராசரியையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எதிராளி 1.12 என்று சொல்லி உங்களை உட்கார வைத்துவிடுவார்.

கூடைப்பந்தில் கரிக்கும் வில்ட்டுக்கும் நடுவே ரொம்ப நாள் ஊசலாடினேன். எறிகிற கை கரியுடையது, மனது அவரிடம்தான். ஆனால் 402 ஒருநாள் போகும். நன்றாக எறிகிற யாரோ ஒருவர் ஆட்டத்துக்குப் பதினைந்து தடவை எறிந்து தாண்டிவிடுவார். வில்ட்டின் புள்ளியைக்கூட விடுங்கள். அந்த சீசனில் அவருடைய அணி ஆடிய 3,890 நிமிடத்தில் அவர் களத்தில் இருந்தது 3,882. விடுபட்ட எட்டு நிமிடமும் ஓய்வு இல்லை. நடுவரோடு மல்லுக்கு நின்றதற்காக ஓர் ஆட்டத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள்.